கரைந்துகொண்டே காக்கும் செம்பு

மேற்கிந்தியத் தீவுகளில் பணி முடித்துத் திரும்பிய 'அலார்ம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடியை 1763-இல் ஆய்வு செய்தார்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதி முழுவதையும் 1761-இல் மெல்லிய செம்புத் தகட்டால் போர்த்தி அனுப்பிய கப்பல் அது. தகடு ஒட்டியிருந்த இடங்களில் மரம் கெடவே இல்லை. புழு துளைக்கவில்லை, பாசியும் ஏறவில்லை. ஆனால் தகட்டைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் துருவாகி உளுத்துப் போயிருந்தன. அங்கெல்லாம் தகடு கழன்றுவிட்டது. சில ஆணிகள் மட்டும் அவ்வளவாகக் கெடாமல் இருந்தன. என்ன காரணம் என்று பார்த்தால், அந்த ஆணிகளின் தலைக்கும் செம்புக்கும் நடுவே பழுப்புக் காகிதம் சிக்கியிருந்தது. தகடுகளைச் சுற்றி வந்த காகிதம்தான். வேலையாட்கள் அதை முழுதாகக் கிழித்தெடுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

ஏன் அப்படி என்று சொல்ல அன்று யாராலும் முடியவில்லை. வோல்டா தன் மின்கல அடுக்கை அறிவித்ததே 1800-இல்தான். இன்று இதைப் பள்ளியிலேயே சொல்லித் தருகிறார்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் கிடந்தால் அங்கே ஒரு மின்கலம் உருவாகிவிடும். எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும் உலோகம் கரையும், மற்றது தப்பும். இரும்பும் செம்பும் சேர்ந்தால் கரைவது இரும்பு. காகிதம் குறுக்கே இருந்த இடத்தில் தொடர்பு அறுந்ததால் ஆணி பிழைத்தது.

இத்தனை செலவு செய்து ஒரு கப்பலுக்குச் செம்பு உடுத்த வேண்டிய தேவை என்ன? முதல் எதிரி கப்பல்புழு. புழு என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அது மட்டி, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. நீண்ட மென்மையான உடலின் தலைப்பக்கம் இரண்டு சின்ன ஓடுகள் இருக்கும். அவற்றை அரம்போல ஆட்டி ஆட்டி மரத்தைக் குடைந்துகொண்டே போகும். குடைந்த மரத்தூளைச் செரிக்கத் தேவையான நொதிகளை அதன் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் தருகின்றன. மிகச் சிறிய பருவத்தில் உள்ளே நுழைவதால் வெளியே குண்டூசி முனை அளவுக்கு ஓட்டை மட்டும் தெரியும். உள்ளே பலகை சல்லடையாகியிருக்கும். கொலம்பஸின் நான்காம் பயணத்தில் அவருடைய கப்பல்கள் புழு அரித்து, இனி மிதக்காது என்ற நிலையில் 1503-இல் ஜமைக்கா கரையில் ஒதுக்கப்பட்டன. அவரும் ஆட்களும் ஓர் ஆண்டு அங்கேயே கிடந்தார்கள். 1731-இல் நெதர்லாந்தின் கடலணைகளைத் தாங்கிய மரங்களை இதே உயிரினம் தின்றிருப்பதைக் கண்டு அந்த நாடே நடுங்கியது.

இரண்டாவது எதிரி ஒட்டுயிர்கள். சுத்தமான ஒரு பரப்பைக் கடலில் இறக்கினால் சில நிமிடங்களிலேயே நீரில் கரைந்திருக்கும் புரதங்களும் சர்க்கரைகளும் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்துவிடும். சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் வரும். அவை சுரக்கும் கூழில் டயாட்டம் என்ற நுண்பாசிகள் ஒட்டும். கையை வைத்தால் வழுக்கும் கொழகொழப்பு இதுதான். அடுத்த நாட்களில் பச்சைப்பாசியின் வித்துகள், பிறகு கொட்டலசு, குழாய்ப்புழு, சிப்பி என்று வரிசையாகக் குடியேறும். இதே ஒழுங்கில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. வெதுவெதுப்பான நம் கடல்களில் எல்லாமே வேகமாக நடக்கும். முந்தியவர் பிந்தியவர் என்ற முறையும் அடிக்கடி குலையும்.

இவற்றில் கொட்டலசைச் சற்று நின்று பார்க்க வேண்டும். டார்வின் எட்டு ஆண்டுகளை இந்த இனத்துக்காகவே செலவிட்டிருக்கிறார். பாறையிலும் படகிலும் வெள்ளைக் கூம்பாக ஒட்டியிருப்பதால் சிப்பி வகை என்று பலர் நினைக்கிறார்கள். இது இறால், நண்டு வகை. தலையைப் பரப்பில் ஒட்டிக்கொண்டு, கால்களை வெளியே நீட்டி வீசி உணவை அள்ளும் பிராணி. அதன் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய முடிவுதான் உண்டு. இளம்பருவத்தின் கடைசிக் கட்டத்தில் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும் அது எதையும் தின்னாது. இரண்டு சின்ன உணர்கொம்புகளைக் கால்களாக வைத்துப் பரப்பின்மேல் நடந்து நடந்து இடம் பார்ப்பது மட்டுமே அப்போது அதன் வேலை. பிடித்த இடத்தில் ஒட்டினால் ஆயுள் முழுக்க அங்கேதான். ஒட்டும்போது முதலில் எண்ணெய்ப் பசையான ஒரு பொருளை வெளியிட்டு அந்த இடத்து நீரை விலக்குகிறது. அதற்குப் பிறகே புரதப் பசை வருகிறது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நீருக்கடியில் இவ்வளவு உறுதியாகப் பிடிக்கும் பசையை மனிதர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இடம் தேடும் அந்தக் குஞ்சு எதைப் பார்த்து முடிவு செய்கிறது என்பது படகுக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. கொட்டலசுகள் இணை சேரப் பக்கத்தில் இன்னொன்று இருந்தாக வேண்டும். ஆகவே தன் இனத்தின் புரத வாடை உள்ள இடத்தையே அது விரும்புகிறது. வளர்ந்த கொட்டலசின் ஓட்டுப் புரதம் அதை ஈர்க்கும். வேறொரு குஞ்சு நடந்துபோன இடத்தில் விட்டுச்சென்ற பசைத் தடம்கூட ஈர்க்கும். கூம்பை மட்டும் உடைத்துவிட்டு, அடியில் வட்டவட்டமாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் தட்டை அப்படியே விட்டு அதன்மேல் பெயின்ட் அடித்தால் பெயின்ட்டும் அங்கே சரியாகப் பிடிக்காது. அது உரிந்ததும் அடுத்த தலைமுறைக்கு அழைப்பிதழ் கொடுத்தது போல ஆகிவிடும். அரைகுறைச் சுத்தம் எவ்வளவு வீண் என்பது இதில் விளங்கும்.

ஒட்டுயிர்களால் வரும் இழப்பு எரிபொருள் கணக்கில் தெரியும். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகத்தின் மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-இல் நடுத்தரப் போர்க்கப்பல் ஒன்றுக்குக் கணக்கிட்டுக் காட்டினார். வழக்கமான பயண வேகத்தில், தடித்த கொழகொழப்பு மட்டும் படிந்திருந்தாலே அதே வேகத்தில் போக 21 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். கொட்டலசு முற்றிப் படர்ந்துவிட்டால் 86 சதவீதம். பாய்மரக் காலத்தில் இந்த இழப்பு வேகத்தில் தெரிந்தது. எதிரியைத் துரத்தவும் முடியாது, தப்பிக்கவும் முடியாது.

அதனால்தான் ஆணி கெட்டுப் போகும் என்று தெரிந்தும் பிரிட்டிஷ் கடற்படை செம்பைக் கைவிடவில்லை. 1778-இல் கடற்படையின் கப்பல் நிர்வாகத் தலைமைப் பொறுப்புக்கு வந்த சார்ல்ஸ் மிடில்டன் துணிந்து முடிவெடுத்தார். அமெரிக்காவோடும் பிரான்ஸோடும் போர் நடந்துகொண்டிருந்தபோதே, சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ மொத்தக் கடற்படையும் செம்பு உடுத்திவிட்டது. இரும்பு ஆணிகளுக்குப் பதிலாகச் செம்புக் கலவை ஆணிகள் 1780-களில் வந்தன. காகிதம் காட்டிக்கொடுத்த சிக்கல் அதோடு தீர்ந்தது. ஆனால் செம்பும் நாளாக ஆகத் தேய்ந்தது. தகடுகள் மெலிந்து ஓட்டை விழுந்தன. மாற்றுவதற்குப் பெருஞ்செலவு.

இந்தச் செலவைக் குறைக்க வழி கேட்டு ஹம்ஃப்ரி டேவியை அணுகினார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு தந்த அதே டேவி. 1824-இல் அவர் சொன்ன தீர்வு அழகானது. இரும்பும் செம்பும் சேர்ந்தால் இரும்பு கரைந்து செம்பு தப்புகிறது அல்லவா? அதையே வேண்டுமென்றே செய்தால் என்ன? செம்புத் தகட்டில் ஆங்காங்கே சின்ன இரும்புக் கட்டியோ துத்தநாகக் கட்டியோ பொருத்துங்கள். கட்டி கரையும், செம்பு நிற்கும் என்றார். சோதனைகளில் அவருக்கு உதவியவர் மைக்கேல் ஃபாரடே. செம்பின் பரப்பில் நூற்றைம்பதில் ஒரு பங்கு இரும்பு இருந்தாலே நல்ல பலன் கிடைத்தது. 'சமராங்' என்ற கப்பலில் கட்டிகளைப் பொருத்திக் கடலுக்கு அனுப்பினார்கள். தகடு தேயவில்லை. வேதியியலில் டேவி சொன்னது அப்படியே பலித்தது.

ஆனால் கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் அடர்ந்து ஏறின. செம்பு போர்த்தாத கப்பலைப் போலவே அவை மந்தமாக நகர்ந்தன. சில ஆண்டுகளிலேயே கட்டிகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. டேவிக்கு அது பெரிய அவமானம். 1829-இல் அவர் இறந்தும் போனார்.

எனக்குக் கடல் அறிவியலில் இதைவிடப் பயனுள்ள தோல்வி ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. செம்பு ஒட்டுயிர்களைத் தடுத்தது அது உறுதியான உலோகம் என்பதால் அல்ல. அது ஓயாமல் கரைந்து கசிந்துகொண்டிருந்தது. கரைந்த செம்பு அயனிகள் அந்தப் பரப்பை ஒட்டிய மெல்லிய நீரடுக்கை நஞ்சாக்கின. குஞ்சுகள் கால் வைக்கவே அஞ்சின. டேவி கரைவதை நிறுத்தினார், கூடவே காவலும் நின்றுவிட்டது. தகட்டைக் காப்பதா, கப்பலைக் காப்பதா என்ற கேள்விக்கு ஒரே பொருளால் இரண்டு பதில் தர முடியாது.

அந்தக் கசிவு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் பிற்காலத்தில் அளந்துவிட்டார்கள். கொட்டலசைத் தடுக்க ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் செம்பு வெளியேற வேண்டும். கேட்கச் சின்ன அளவு. நீருக்குள் 50 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு படகுக்குப் பெருக்கிப் பார்த்தால் நாளுக்கு 5 கிராம், ஆண்டுக்கு 1.8 கிலோ. ஒரே துறைமுகத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் நெருக்கியடித்து நின்றால் அங்கே எத்தனை கிலோ செம்பு இறங்கும் என்பதை அவரவர் ஊர்த் துறைமுகத்தை மனதில் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் சான் டியேகோவில் உள்ள ஷெல்டர் தீவுப் படகுத்துறையில் இப்படித்தான் நீரில் செம்பு வரம்பு மீறியது. பெரும்பங்கு, சும்மா நிற்கும் உல்லாசப் படகுகளின் அடிப் பெயின்ட்டிலிருந்து கசிந்தது. செம்பு வரவைக் குறைக்க அங்கே 2005-இல் அரசு இலக்கு வைக்க வேண்டியதாயிற்று.

மரக் கப்பல்கள் போய் இரும்புக் கப்பல்கள் வந்தபோது செம்புத் தகட்டுக்கு வழியில்லாமல் போனது. இரும்பு உடலின்மேல் செம்பை நேராக வைத்தால் 'அலார்ம்' ஆணிகளின் கதிதான் கப்பலுக்கே நேரும். ஆகவே செம்பைப் பொடியாக்கிப் பெயின்ட்டில் கலந்தார்கள். அப்படிக் கலந்த குப்ரஸ் ஆக்சைடு என்ற செம்புச் சேர்மம் சிவப்பு நிறம். கப்பல்களின் அடிப்பகுதி செம்பழுப்பாக இருப்பதில் அதற்கும் பங்குண்டு. அடியில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் நஞ்சுப் பூச்சு என்ற முறை அன்று வந்தது, இன்றும் மாறவில்லை.

பிறகு வந்தது டிரைபியூட்டைல் டின், சுருக்கமாக டிபிடி. வெள்ளீயத்தின் கரிமச் சேர்மம். 1960-களில் பரவத் தொடங்கியது. 1970-களில் இதை அக்ரிலிக் பாலிமரோடு வேதிப்பிணைப்பால் கட்டிப் பெயின்ட்டாக்கினார்கள். கடல்நீர் பட்டதும் மேலடுக்கின் பிணைப்பு மட்டும் அறும், நஞ்சு வெளியேறும், அந்த அடுக்கு தேய்ந்து அடுத்தது மேலே வரும். கப்பல் ஓட ஓடத் தன்னைத்தானே மெருகேற்றிக்கொள்ளும் பூச்சு. ஐந்து ஆண்டுகள் வரை அடியைத் தொட வேண்டியதில்லை. கப்பல் முதலாளிகள் கொண்டாடினார்கள், அதில் தவறில்லை. பூச்சு சொன்னதைச் செய்தது.

பிரான்சின் அர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். 1970-களின் இரண்டாம் பாதியில் சிப்பிகளின் ஓடு அளவுக்கு மீறித் தடித்தது. ஓட்டுக்குள் கூழ் நிரம்பிய அறைகள் உண்டாகி, தசைக்கு இடமில்லாமல் போனது. குஞ்சுகளும் பிழைக்கவில்லை. ஆயிரக்கணக்கான உல்லாசப் படகுகள் நிற்கும் இடம் அது. இங்கிலாந்தில் பிளிமத் அருகே வேறொன்று நடந்திருந்தது. 'நாய்நத்தை' எனப்படும் கடல்நத்தையின் பெண்களுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதை 1970-இலேயே பதிவு செய்திருந்தார்கள். முட்டை வெளியேறும் வழி அடைபட்டு அவை மலடாயின. காரணம் டிபிடி என்பது 1980-களில் உறுதியானது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலே நத்தையின் உடல் மாறத் தொடங்கிவிடுகிறது. அவ்வளவு நுட்பமாக அளக்கும் கருவி வருவதற்கு முன்பே அந்த நஞ்சைக் கடலெங்கும் பூசிவிட்டோம் என்பதை எண்ணும்போது வேதனையாக இருக்கிறது.

பிரான்ஸ் 1982-இல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இதைத் தடுத்தது. அர்க்கஷோனில் சிப்பிக் குஞ்சுகள் மீண்டும் பிழைத்தன. பிரிட்டன் 1987-இல் பின்தொடர்ந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்பந்தம் 2001-இல் நிறைவேறி 2008 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. நத்தையில் முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து முப்பத்தெட்டு ஆண்டுகள்.

இப்போது சந்தையில் இருப்பவை பெரும்பாலும் செம்பையே நம்பியிருக்கின்றன. நஞ்சே இல்லாத வழியாகச் சிலிகோன் பூச்சுகள் வந்திருக்கின்றன. கொட்டலசு அவற்றின்மேலும் ஒட்டும், ஆனால் பிடி தளர்வாக இருக்கும். கப்பல் வேகமெடுத்தால் நீரே உரித்துப் போட்டுவிடும். விரைந்து ஓடும் கப்பலுக்கு நல்ல ஏற்பாடு. வாரக்கணக்கில் துறையில் நிற்கும் படகுக்கு உதவாது. விலையும் அதிகம், கரடுமுரடாகத் தேய்த்தால் கிழிந்துவிடும்.

நம் கடற்கரையில் இந்தச் சிக்கலுக்கு வேறொரு பழைய விடை இருந்தது: நீரிலேயே விட்டு வைக்காமலிருப்பது. கட்டுமரத்தைத் தொழில் முடிந்ததும் மணலுக்கு இழுத்து, கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனத்துவிடும் என்பதற்காகச் செய்தது அது. ஆனால் வெயிலில் தினமும் காயும் மரத்தில் கொட்டலசும் வளராது, கப்பல்புழுவும் பிழைக்காது. நஞ்சு எதுவும் தேவைப்படவில்லை. பலகைப் படகுகளுக்குப் பஞ்சும் நாரும் திணித்துக் கலப்பற்று அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். மீன் எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் மரத்துக்கு ஏறியதுண்டு. பெரிய விசைப்படகுகள் துறைமுகத்திலேயே நிரந்தரமாக நிற்கத் தொடங்கிய பிறகுதான் ஒட்டுயிர்த் தொல்லை நமக்கும் முழு அளவில் வந்து சேர்ந்தது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம்தான் விசைப்படகுகளின் பராமரிப்புக் காலம். காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் படகுகளைக் கரையேற்றி, சுரண்டி, பெயின்ட் அடிக்கும் வேலை மும்முரமாக நடக்கும். அடியில் சுக்கான் பக்கம், விசிறிக்கு அருகே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். துத்தநாகம். டேவி செம்பைக் காக்க வைத்த அதே கட்டி, இன்று இரும்பையும் விசிறியின் வெண்கலத்தையும் காக்கிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானம் பற்றிச் செய்துவரும் ஆராய்ச்சிகளில் இந்த எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு முறைக்கு முக்கிய இடமுண்டு. மண்டபத்தில் அந்த ஆய்வகத்துக்கு ஒரு கடலோர நிலையமே இருக்கிறது. பெயின்ட் அடிக்கும் வேகத்தில் அந்தக் கட்டியின்மேலும் தூரிகையை இழுத்துவிட்டால் அது கரையாது. கரையாவிட்டால் விசிறியும் சுக்கானும் கரையும். பாதி தேய்ந்திருந்தால் கட்டி வேலை செய்திருக்கிறது என்று பொருள். ஓர் ஆண்டு கழித்தும் புத்தம்புதிதாக இருக்கும் கட்டியைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும்: மேலே பெயின்ட் இருக்கும், அல்லது அடியில் உலோகத்தோடு தொடர்பு விட்டிருக்கும்.

சுத்தம் செய்வதில் நேரம் முக்கியம். படகு கரையேறிய உடனே, ஈரம் காய்வதற்குள் நீரைப் பீய்ச்சினால் கொழகொழப்பும் பாசியும் எளிதில் போய்விடும்; வெயிலில் ஒரு நாள் காய்ந்துவிட்டால் ஓடு போல இறுகும். கொட்டலசின் அடித்தட்டு சுண்ணாம்பு என்பதால் அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உலோகப் பாகங்களையும் சேர்த்தே தின்னும். அகலமான பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுப்பதே பாதுகாப்பு. ஃபைபர் படகின் நீர்க்கோட்டில் படியும் பழுப்புக் கறைக்கு மட்டும் அமிலம் சரியான மருந்து, அதுவும் ஆக்சாலிக் அமிலம். கறையில் இருக்கும் இரும்பைப் பற்றி, நீரில் கரையும் சேர்மமாக அது மாற்றிவிடுகிறது. கையுறை போட்டுத் தடவி, சற்று நேரம் விட்டு, நன்றாக அலசினால் தேய்க்காமலே வெளுக்கும்.

ஃபைபரைப் புழு தின்னாது என்பதால் பலர் அதை அழியாப் பொருள் என்று நம்பிவிடுகிறார்கள். அதன் மேல்தோலான ஜெல்கோட் வழியாக நீர் மூலக்கூறுகள் மெல்ல ஊடுருவும். உள்ளே சரியாக இறுகாமல் விட்ட ரசாயனங்களைக் கரைத்துச் செறிவான திரவமாகும். சவ்வூடு பரவலால் மேலும் நீர் உள்ளே இழுக்கப்பட்டுக் கொப்புளம் எழும். குத்திப் பார்த்தால் புளித்த வாடை அடிக்கும் நீர் வடியும். அவ்வப்போது கரையேற்றி உலர விடும் பழைய வழக்கம் ஃபைபருக்கும் நல்லதே.

பாய்க்கும் கித்தானுக்கும் எதிரிகள் வேறு. பருத்தியும் சணலும் செல்லுலோஸ். ஈரம் பட்டு மடித்து வைத்தால் பூஞ்சணம் அதைத் தின்னும். பூஞ்சணம் தன் நொதிகளை வெளியே சுரந்து இழையை உடைத்து உறிஞ்சுகிறது. இந்த நொதிகள் புரதங்கள். மரப்பட்டைகளில் உள்ள டானின் புரதத்தைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும். தோல் பதனிடுவதிலும் இதுதான் நடக்கிறது. அதனால்தான் உலகின் பல கரைகளில் பாயையும் வலையையும் பட்டைச் சாற்றில் ஊறவைத்தார்கள். நம் பக்கம் பருத்தி வலைகளைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்தார்கள். இங்கிலாந்து மீனவர்கள் பயன்படுத்தியது, கருங்காலி இனத்து மரத்தின் வைரத்தைக் காய்ச்சி எடுத்த கட்டி. பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. நம் வீடுகளில் வெற்றிலையோடு மெல்லும் காசுக்கட்டி அதுவேதான். பிரிக்ஸம் துறைமுகத்தில் உள்ளூர்ச் செங்காவியும் கொழுப்பும் சேர்த்துப் பூசினார்கள். அந்த ஊர்ப் படகுகளின் சிவப்புப் பாய்கள் பெயர் பெற்றவை. சாயம் அழகுக்காக அல்ல, பாய் மக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்று பாய்கள் பாலியெஸ்டர். படகை மூடும் துணிகள் பெரும்பாலும் அக்ரிலிக். பூஞ்சணம் இந்த இழைகளைத் தின்பதில்லை. ஆனால் இழைகளுக்கு நடுவே படியும் தூசி, மீன் செதில், பறவை எச்சம் இவற்றைத் தின்று அங்கே கரும்புள்ளியாக வளரும். எனவே பூஞ்சணம் பிடித்தால் துணியைக் குறை சொல்லிப் பயனில்லை, அழுக்கை எடுக்க வேண்டும். நல்ல தண்ணீரில் உப்பை அலசி, மென்மையான சோப்பு நீரில் மெதுவாகத் துலக்கி, காற்றில் முழுக்க உலர்த்தி, பிறகுதான் மடிக்க வேண்டும். ப்ளீச்சிங் கரைசலை அடிக்கடி ஊற்றினால் கறை போகும், கூடவே நீர் ஒட்டாத பூச்சும் போகும். நைலான் துணியாக இருந்தால் இழையே கெடும். உண்மையில் துணிக்கு முன்னால் சாவது தையல் நூல்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியெஸ்டர் நூலின் சங்கிலி மூலக்கூறுகளை அறுக்கிறது. துணி உறுதியாக இருக்கும்போதே தையல் விரலால் இழுத்தால் விட்டுவிடும். பாய்க்கு மேல் உறை போடுவதில் உள்ள பயன், துணியைவிட அந்த நூலுக்கே அதிகம்.

நீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சுகளில் நெடுங்காலமாக ஃபுளோரின் சேர்மங்கள் கோலோச்சின. கரிமமும் ஃபுளோரினும் பிணைந்த பிணைப்பு இயற்கையில் எளிதில் உடைவதில்லை. துணியில் அது வரம். துவைத்த நீரோடு வெளியேறினால் ஆறும் கடலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அதனால் அவற்றை விலக்கிய பூச்சுகள் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் ஆயுள் குறைவு, அடிக்கடி பூச வேண்டும். அந்தக் கூடுதல் வேலை செய்யத் தக்கது என்றே நான் நினைக்கிறேன்.

கடைசியாக, படகின் அடியைச் சுரண்டாமலே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று கசந்து சொல்லும் மட்டி தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்தது. கப்பல்களோடு வந்திருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. படுகையில் பாய் விரித்தது போலப் படர்ந்து, இறாலும் உள்ளூர் மட்டியும் வாழ்ந்த மண்ணை அது மூடிவிட்டது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு கடல் கடக்கும் இத்தகைய உயிர்களுக்காகவே நியூசிலாந்து 2018 முதல் அடி சுத்தமில்லாத கப்பலைத் தன் நீருக்குள் விடுவதில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பும் 2011-இல் தந்த வழிகாட்டுதல்களை 2023-இல் இறுக்கியது.

ஆகவே சுரண்டத்தான் வேண்டும். சுரண்டியது எங்கே போகிறது என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. தடைக்காலத்தில் கரையேறிய படகுகளுக்கு அடியில் சிவப்பும் கருப்புமான பெயின்ட் செதில்கள் மணலோடு மணலாகக் கிடக்கின்றன. முதல் மழையில் அவை துறைமுகத்துச் சேற்றுக்குப் போகும். காற்று நுழையாத அந்தச் சேற்றில் டிபிடி போன்ற சேர்மங்கள் சிதையப் பல ஆண்டுகள் ஆகும். செம்பு சிதையவே சிதையாது. உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்க்கும் தொழிலாளி அந்தத் தூளை மூச்சோடு இழுக்கிறார். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. முகக்கவசம் விலை உயர்ந்த பொருளும் இல்லை. படகுக்குக் கீழே ஒரு பழைய தார்ப்பாயை விரித்துவிட்டுச் சுரண்டி, செதில்களைச் சாக்கில் கட்டி எடைபோட்டு, அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் ஒப்படைக்க ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை ஒதுக்கும் பொறுப்பு துறைமுக நிர்வாகத்துடையது. படகு உரிமையாளர் சங்கங்கள் அடுத்த ஏப்ரலுக்கு முன்பே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.